எல்லாத்துக்குமான துவக்கு

கடைக்காரர் மேசையில் பச்சைக் கம்பளித் துணியை விரித்து, அதன்மேல் துவக்கை வைத்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் கிடந்த மஞ்சள் நிற மருத்துவ அட்டையை எடுத்து, இரண்டு விரலால் பிடித்து, துவக்குக்கும் எனக்கும் நடுவே நீட்டிக்கொண்டு நின்றேன். மன்னாரில் ஊறிய பழக்கம். துவக்கைக் கண்டால் அடையாள அட்டை. எடுக்கத் தாமதித்தால் துவக்கின் பின்கட்டையான பிடங்கால் ஓர் இடி. டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில், மான் தலைகள் மாட்டிய ஒரு வேட்டைக் கடைக்குள் நிற்கிறேன் என்பது மூளைக்கு எட்டுவதற்குள் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. கடைக்காரர் குனிந்து அட்டையை வாசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, துவக்கு வாங்க இந்த அட்டை போதாது, பொலிஸ் அனுமதி வேண்டும் என்றார். என் பக்கத்தில் நின்ற மெஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்குவது நான். இவர் என்னுடைய ஆலோசகர்," என்றார்.

மெஸ்டர் என்றால் டெனிஷ் மொழியில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். நம்முடைய மேஸ்திரிக்கும் அவருக்கும் சொல்லிலும் அதிக தூரமில்லை, சத்தத்திலும் இல்லை. பிராண்டேயில் யன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்குக் கீழே பல வருடம் மரம் தேய்த்தேன். இந்த நாட்டில் அரசியைத் தவிர எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று அவரே எத்தனையோ முறை சொன்னார். என் நாக்கு வளையவில்லை. கடைசிவரை மெஸ்டர்தான். போன மாரியில் காலமானார். அடக்கம் முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அவருடைய வேட்டைக் கூட்டாளிகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்கும் ஒரு கதை இருந்தது. எழும்பி நின்றேன். இத்தனை வருடம் பேசிய டெனிஷ் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. "நல்ல மனிதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கடைக்குப் போன காலத்தில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் இருந்தார்கள். மூத்தவன் மகன், இளையவள் மகள். நான் அங்கே சங்கக்கடை மனேச்சராக இருந்தவன். கூப்பனுக்கு அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் நிறுத்துக் கொடுக்கிற கூட்டுறவுக் கடை அது. ஒரு பின்னேரம் போராளி இயக்கத்துப் பெடியள் துவக்கோடு வந்து கேட்ட சாமான்களைக் கொடுத்தேன். மறுநாள் ஆமி துவக்கோடு வந்து, ஏன் கொடுத்தாய் என்று கேட்டுப் பிடங்கால் அடித்தது. அன்றிலிருந்து என் இடது காது அரைக் காதுதான். இனி அங்கே இருக்க ஏலாது என்று ஆனதும், நான் முதலில் போவது, அகதியென்று ஏற்றுக்கொண்டவுடன் அவர்களைக் கூப்பிடுவது என்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். டென்மார்க் என்னை ஏற்றுக்கொண்டது. மூன்று பேரையும் கூப்பிட உடனேயே விண்ணப்பித்தேன். சட்டப்படி அது உன்னுடைய உரிமை, தயவு கேட்கிற விஷயமில்லை என்று மெஸ்டர் அடித்துச் சொன்னார். சில மாதம் பொறு, வந்து சேர்ந்துவிடுவார்கள் என்றார். நானும் பொறுத்தேன்.

நான் வெளிக்கிட்டபோது மகனுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் பக்கத்தில் அது, ஆண்பிள்ளை வளர்வதைப் பார்த்துத் தாய் தகப்பன் பயந்த காலம். மீசை அரும்பித் தோள் அகன்றால் போதும், எல்லாப் பக்கத்தாரின் கண்ணும் அவன் மேல்தான். பிடித்து அடைத்து வைக்க ஒரு பக்கம், பிடித்துத் துவக்குக் கொடுக்க இன்னொரு பக்கம். இலங்கை ஆமி போய் இந்தியன் ஆமி வந்தபோதும் இதில் மாற்றமில்லை. என் மனைவிக்கு எழுத்தைவிடப் பேச்சுத்தான் வரும் என்பதால் ஒலிநாடாவில் பேசி அனுப்புவாள். கோழி கத்துவதும் பக்கத்து வீட்டுக் கதவு சாத்துவதும் சேர்ந்து வரும். "இவன் என்னைவிட உயந்திட்டான்," என்றாள் ஒரு நாடாவில். "நீங்கள் விட்டிட்டுப் போன சேட்டு இப்ப இவனுக்குக் கணக்கு. வெளியில விட எனக்குப் பயமாக் கிடக்கு. என்னவும் செய்து கெதியாக் கூப்பிடுங்கோ." அவளுக்குப் பிறகு மகன் பேசினான். "அப்பா, அங்க சினோ கொட்டுதோ?" என்று பனியைப் பற்றிக் கேட்டான். யாரோ பெரிய ஆள் ஒருவர் கேட்கிறார் என்று நினைத்தேன். என் மகனுக்குக் குரல் உடைந்ததை நான் ஒலிநாடாவில்தான் அறிந்தேன். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில் நாடா சிக்கிக்கொண்டது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மெஸ்டருக்குத் துவக்கு ஆசை பிடித்தது. ஏற்கெனவே அவரிடம் தகப்பன் வழி வந்த பழைய துவக்கு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் பிடியை இழுத்து அடுத்த ரவையை ஏற்ற வேண்டும். மரக்குவியலில் இருந்து விழுந்து தோள் மூட்டு விலகிய பிறகு அந்த இழுப்பு அவருக்குப் பெரும் தொல்லையாகிவிட்டது. அரைத் தானியங்கி வாங்கப்போகிறேன் என்றார். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. அடுத்த ரவை தானே ஏறிக்கொள்ளும். தோளில் வந்து இடிக்கிற இடியும் குறைவு. ஆனால் ஒன்றுதான் வாங்கலாம். சமையலறை திருத்துகிற வேலை முன்னால் நின்றதால் அவருடைய மனைவி நடுத்தர விலைக்குமேல் போகக்கூடாது என்று கோடு கிழித்துவிட்டார். ஆகவே அந்த ஒன்று எல்லாத்துக்கும் ஆகவேண்டும்: சின்ன மானுக்கும், பெரிய கலைமானுக்கும், நரிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கு வைத்துச் சுடுவதற்கும். "ஒன்று, எல்லாத்துக்கும்," என்று கோப்பி நேரத்தில் மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார்.

கோப்பி நேரங்கள் அதிலேயே கழிந்தன. விலைப்பட்டியல் புத்தகங்களை மேசையில் பரப்பி, மரத்தூளை முழங்கையால் துடைத்துவிட்டுப் படம் படமாகக் காட்டுவார். பெல்ஜியத்தில் செய்தது வடிவானது, ஆனால் விலை மனைவியின் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஜெர்மன்காரருடையது பாரம், நாள் முழுக்கப் பற்றைக்குள் தூக்கித் திரிய முடியாது. அமெரிக்காவிலிருந்து வருவது மலிவு, ஆனால் ஒரு துண்டு உடைந்தால் மாற்றுத் துண்டுக்கு எங்கே போவது? இரண்டாம் கையாக வாங்கினால் நல்லது கிடைக்கும், ஆனால் முன்பு வைத்திருந்தவன் துடைத்து வைத்தானா, ஈரத்தில் போட்டானா என்று யாருக்குத் தெரியும்? அவருடைய வேட்டைக் கூட்டாளிகளோ, முதல் வெடியில் தவறவிடுகிறவனுக்குத்தான் அரைத் தானியங்கி என்று பகிடி பண்ணினார்கள். அதற்கும் பதில் தேட வேண்டியிருந்தது. ஒரு மனிதன் இவ்வளவு ஆறுதலாக, அவசரமே இல்லாமல், இவ்வளவு சந்தோஷமாக ஒன்றைத் தெரிவு செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. துவக்கில் அல்ல, அந்த ஆறுதலில்.

இதில் ஆலோசகர் பதவி எனக்கு எப்படி வந்தது என்றால், நான் யுத்தத்திலிருந்து வந்தவன். தொலைக்காட்சியில் எங்கள் நாட்டைக் காட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் துவக்கோடு நின்றார். ஆகவே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தூசிக்குள்ளும் சிக்காமல் வேலை செய்வது எது? நீ கண்ணால் கண்டவன்," என்பார். "மெஸ்டர், நான் அரிசி நிறுத்தவன். எனக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் தராசு," என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார். துவக்கை நான் வாய்ப் பக்கத்தால் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பிடங்கைத் தோளில் வைத்துப் பார்த்ததில்லை என்று சொல்ல அப்போது எனக்கு மொழி காணவில்லை. எனவே அவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் "நல்லது" என்றேன். எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொன்ன ஒருவனை ஆலோசகராக வைத்திருக்க மெஸ்டரால்தான் முடியும்.

அப்படித்தான் ஓகூஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் வைத்தியர் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். எதைச் சுடப்போகிறீர்கள்? எவ்வளவு தூரத்தில்? எந்தத் தோள்? விலையைக் கடைசியாகத்தான் கேட்டார். வேட்டைக்கென்றால் இதற்குள் இரண்டு மூன்று ரவைக்குமேல் போட இந்த நாட்டுச் சட்டம் விடாது என்று விளக்கினார். அதிகம் சுடுவதற்கல்ல அரைத் தானியங்கி. முதல் வெடி சரியாகப் படாவிட்டால் இரண்டாவதை உடனே வைத்து, மிருகத்தை வேதனைப்பட விடாமல் முடிப்பதற்கு. காயப்பட்ட மான் வேதனைப்படக்கூடாது என்பதில் மெஸ்டரும் கடைக்காரரும் மிகவும் கண்டிப்பாக இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒரு பல் வைத்தியர் ஒரு பருவம் மட்டும் பாவித்துவிட்டு விற்ற, மரப் பிடங்கு வைத்த ஒன்று மெஸ்டரின் தோளில் பொருந்தி உட்கார்ந்தது. விலையும் கோட்டுக்கு இந்தப் பக்கம்; உதிரித் துண்டுகளும் நாட்டுக்குள்ளேயே கிடைக்கும். தூக்கிப் பார் என்று என் கையில் தந்தார். வாழ்க்கையில் முதன்முறை ஒரு துவக்கைத் தூக்கினேன். இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டா அந்தப் பெடியள் வெயிலுக்குள் திரிந்தார்கள் என்று நினைத்தேன். சிலர் என் மகனின் வயதுகூட இருக்கமாட்டார்கள்.

துவக்குக்கு மெஸ்டர் பொலிசில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஆள் எப்படி, குற்றம் ஏதும் செய்தவரா, வீட்டில் பூட்டி வைக்க இடமிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துச் சில கிழமைகளில் அனுமதி வந்துவிட்டது. என் மனைவி பிள்ளைகளுக்கு நான் கேட்ட அனுமதி அதற்கு எவ்வளவோ முந்தியது. அவள் என் மனைவிதான் என்பதற்கு மன்னார்ப் பங்குத் தந்தையின் கையெழுத்து, பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்தான் என்பதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு என்று கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. பதில் இல்லை. தன் அனுமதி வந்த அன்று மெஸ்டர் அதை எனக்குக் காட்டவில்லை. வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். பின்னேரம் வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, "இங்கே எல்லாத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உன்னுடையதும் வரும்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். நானும் நம்பினேன், வேறு என்ன செய்வது?

புதுத் துவக்கின் குறியைச் சரிசெய்ய, கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு பழைய மணல் குழிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெண்ணெய், பால், பேருந்து என்ற சொற்களை மொழிப் பள்ளியில் படித்தேன். குழல், விசை, ரவை என்பவற்றை மெஸ்டரிடம்தான் படித்தேன். "ஸ்குட்" என்றால் சுடப்பட்டது. சுட்டுச் சுட்டுக் குறியைச் சரிசெய்த துவக்கு "இன்ஸ்குட்". மொழியில் முன்னால் ஒரு சிறு துண்டை ஒட்டினால் புதுச் சொல் வந்துவிடும், இது கெட்டித்தனமான மொழி என்று பெருமையாகச் சொன்னார். பிறகு படுத்துக் குறிபார்த்து முதல் வெடியை வைத்தார். நான் எங்கே நின்றேன், எப்போது விழுந்தேன் என்று தெரியாது. மணலில் முகம் குப்புறக் கிடந்தேன். மெஸ்டர் ரவைகளைக் கழற்றி, துவக்கைத் துணியில் சுற்றித் தூரத்தில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் மணலில் இருந்தார். போத்தலில் இருந்த கோப்பியை ஊற்றித் தந்தார். நான் குடித்து முடித்ததும், "உன் மகன் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஆலோசகர் பதவி அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் துவக்கைப் பற்றி என்னிடம் கேட்டதேயில்லை.

மாரியில் ஒருநாள் தொழிற்சாலைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் விண்ணப்பங்களைக் கவனிக்கிற உதவி அலுவலகத்துப் பெண். மெஸ்டரின் கண்ணாடி அறைக்குள் நின்று பேசினேன். வெளியே வாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அவசரத்தில் அரைக் காதில் வைத்துவிட்டேன். அவள் "குடும்பம்" என்றாள். பிறகு ஏதோ சொல்லி, கடைசியில் "ஊத்ஸ்குட்" என்றாள். விளங்கவில்லை என்றேன். வெளிநாட்டுக்காரனுக்கு விளங்கட்டும் என்று பாவம் அவள் சத்தமாக, இரண்டாகப் பிரித்துச் சொன்னாள்: "ஊத். ஸ்குட்." ஊத் என்றால் வெளியே. ஸ்குட் என்றால் சுடப்பட்டது. குடும்பத்தை வெளியே கூப்பிட்டுச் சுட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வெளியே கூப்பிட்டுச் சுடுவது எங்கள் பக்கத்தில் அப்போது நடக்கிற காரியம்தான். என் சொந்தத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. யாரை என்று கேட்க டெனிஷ் வரவில்லை. "ஆரை? ஆரை?" என்று தமிழில் கத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

மெஸ்டர் ஓடி வந்து தொலைபேசியை எடுத்து அவளோடு பேசினார். பேசப் பேச அவருடைய முகம் தெளிந்தது. வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் முழங்காலில் இருந்து, ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், இன்னொன்றையும் புரட்டினார். "பிறகு. பிறகு. ஊத்ஸ்குட் என்றால் பிறகு!" அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். விண்ணப்பத்தைப் பிற்போட்டிருக்கிறார்கள். ஒருவரையும் சுடவில்லை. நான் அந்தச் சொல்லை எங்கே பிரித்தேன் என்று அவருக்கு விளங்கியபோது, தான் மணல் குழியில் நடத்திய பாடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணீர் வடிய வடிய இரண்டு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தோம். பிற்போட்டுத்தான் இருக்கிறார்கள் என்ற சந்தோஷம்! அது தொழிற்சாலை முழுக்கப் பகிடியாகிவிட்டது. கிரின்ஸ்டெட்டில் இருந்த எங்கள் ஆட்களுக்கு நானே நடித்துக் காட்டினேன்.

பிறகு வந்த பதில்களெல்லாம் அதே சொல்தான். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதே சொல். அமைச்சிலிருந்து சொல்லி எங்கள் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டார்கள் என்பது பின்னாளில்தான் வெளியே வந்தது. தமிழர் வழக்கு என்று நாடே அதைப் பற்றிக் கதைத்தது, விசாரணை நடந்தது, அமைச்சர் போனார், கடைசியில் அந்த அரசாங்கமே போனது. இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். மகளின் மகள் ஒருநாள் வந்து, "அம்மப்பா, நீங்களும் தமிழர் வழக்கில் இருந்தீர்களா?" என்று டெனிஷில் கேட்டாள். நான் மெஸ்டரின் துவக்கிலிருந்து தொடங்கினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, அது தன்னுடைய பாடத்துக்குத் தேவைப்படாது, எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். பிள்ளை சொன்னது சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்குச் சட்டமும் தெரியாது, அமைச்சரும் தெரியாது. காலையில் எழும்பி வேலைக்குப் போய் மரம் தேய்ப்பது, பின்னேரம் வந்து தபால் பெட்டியைத் திறப்பது, இதைத் தவிர எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கையாலாகாதவன் என்று ஊரில் திட்டுவார்கள். கையாலாகாதவனாய் இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மெஸ்டர் தன் வாழ்நாள் முழுக்க அந்த அமைச்சரின் கட்சிக்கே வாக்குப் போட்டவர். எனக்காகக் கோப்பன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்து, தொழிற்சாலையில் கத்துகிற சத்தத்தில் கத்தினார். "எல்லாத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது" என்று பிறகு அவர் சொல்லவில்லை.

ஒருவழியாக அனுமதி வந்தது. மனைவி, மகன், மகள், மூன்று பேருக்கும். மெஸ்டர் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். என் மனைவி கொழும்புக்குப் போய் விசாவை எடுக்க வேண்டும், பிறகு விமானம். அவள் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுப்பாள் என்று மெஸ்டரின் கண்ணாடி அறைக்குள் காத்திருந்தேன். எடுத்தாள். மகனைத் தா என்றேன். "மூத்தவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்," என்றாள். அந்த நாட்களில் ஓர் இயக்கத்துக்காரர் வீதியில் பெடியளைப் பிடித்துத் தங்கள் படைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் சந்திக்குப் பாண் வாங்கப் போயிருக்கிறான். வாகனத்தை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டி, கையில் துவக்குக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். காம்ப் கம்பிக்கு அந்தப் பக்கம் அவளே கண்டாளாம். விடமாட்டார்களாம். விசாவுக்குத் தவணை முடிகிறது. சின்னவள் பக்கத்தில் நிற்கிறாள். "நான் என்ன செய்ய? சொல்லுங்கோ," என்றாள். "அவனை விட்டிட்டு வாறதோ, இவளையும் வைச்சுக்கொண்டு நிக்கிறதோ? நீங்கள் சொல்லுங்கோ."

மெஸ்டர் ஒரு துவக்கைத் தெரிவு செய்ய ஓர் இலையுதிர் காலம் முழுவதையும் எடுத்தார். எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல செய்தி என்று நினைத்திருக்கிறார். "சின்னவளோட வா," என்றேன். அவள் அழவில்லை. "ஓம்" என்றாள். அவ்வளவுதான். இது சரியா பிழையா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் நான் கதைப்பதில்லை. மகன் பிறகு எங்களிடம் வரவில்லை. இந்தியன் ஆமி போன கையோடு நடந்த சண்டைகளில் ஒன்றில் போய்விட்டான் என்று ஒரு வருடத்துக்குள் செய்தி வந்தது. எந்த இடத்தில் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஏலாது.

அந்தச் செய்திக்கு முன்பே, அவர்கள் வந்திறங்கிய நாளில், பில்லுண்ட் விமான நிலையத்துக்கு மெஸ்டர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். பின் ஆசனத்தில் மூன்று பேருக்குப் போர்வை மடித்து வைத்திருந்தார். மனைவியும் மகளும் கதவால் வந்தார்கள். மகள் என்னைக் கண்டு தாயின் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். மெஸ்டர் அவர்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தார். கதவு மூடியது, திறந்தது, வேறு ஆட்கள் வந்தார்கள். "மகன் பிறகு," என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்தில் வேறு எதையும் சொல்லும் தெம்பு எனக்கில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்டரும் மனைவியும் பூங்கொத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி இரண்டு சுவெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாய்ப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். மகன் எப்போது வருகிறான் என்று மெஸ்டர் கேட்டார். அன்றைக்குச் சொன்னேன். பாண் வாங்கப் போனதையும், பிடித்ததையும், துவக்குக் கொடுத்ததையும் எனக்குத் தெரிந்த டெனிஷில் ஒன்றும் விடாமல் சொன்னேன். மெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். மகன் எந்த வருடம் பிறந்தவன் என்று கேட்டார். சொன்னேன். விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்; பிறகு மறுபடியும் பார்த்தார். "ஆனால் அவனுக்கு இன்னும் வயது வரவில்லையே," என்றார். "பதினாறு ஆகாமல் துவக்குக் கொடுக்க முடியாதே. அவனுக்குப் பதினைந்துதானே!" என்னோடு வாதாடுகிற மாதிரிச் சொன்னார். எங்கேயோ யாரோ கணக்கில் பிழைவிட்டிருக்கிறார்கள், எடுத்துச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று அவருடைய முகத்தில் இருந்தது. பிறகு அதுவும் அவருடைய முகத்திலிருந்து போய்விட்டது.

"என்னவாம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"அவனுக்கு வயசு காணாதாம்," என்றேன்.

வந்த நாளிலிருந்து மெஸ்டரை நிமிர்ந்து பார்க்காதவள் அப்போது அவரை நேராகப் பார்த்தாள். தேத்தண்ணிக் கேத்தல் கையிலேயே இருந்தது.

"சொல்லுங்கோ இவருக்கு," என்றாள். "நானும் அதைத்தான் சொன்னனான். ஒவ்வொரு நாளும் காம்ப் வாசல்ல நிண்டு அதைத்தான் சொன்னனான்."